ஒரு ரிங்கிட் ரூம் புக் பண்ணி நூத்தம்பது ரிங்கிட் கட்டினோம், ஆனாலும் திரும்பப் போவேன்

முதல்ல கணக்கு, அப்புறம் கதை. சிங்கப்பூர்லருந்து மலேசியாவோட மலாக்காவுக்குப் போனோம், ரெண்டு ரூம், ரெண்டு ராத்திரி, ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரி ஒரு ரிங்கிட். ஆக மொத்தம் நாலு ரிங்கிட், அப்ப ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, மூணு ரிங்கிட் கிட்ட வரும், அதனால நம்ம காசுல ஒண்ணரை வெள்ளிக்கும் கம்மி, கீழ கோப்பிக்கடையில ஒரு கோப்பி-ஓ குடிச்சா தீர்ந்துடும். கடைசியில கையை விட்டுப் போனது நூத்தம்பது ரிங்கிட். அந்த நூத்தி நாப்பத்தாறு எங்க போச்சுன்னுதான் சொல்லப் போறேன். ஹோட்டல் பேர் போடல, ஏன்னா அவங்க எதையும் மறைக்கல, எல்லாம் எழுதித்தான் வச்சிருந்தாங்க, நாங்கதான் படிக்கல.

இது 2018 கதை, புக் பண்ணினது 2017 ஆகஸ்ட்ல. ராத்திரி பன்னண்டு மணிக்கு சேல் ஆரம்பம்னு சொல்லி எங்க வீட்டுக்காரர் லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்துட்டார், நான் என் போன்ல, மூத்தவனுக்கு மறுநாள் ஸ்கூல் இருந்தும் தூங்க மாட்டேன்னு அவங்க பாட்டி போனை எடுத்துக்கிட்டு அவன் ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை சனிக்கிழமை எல்லாம் முதல் நிமிஷத்துலயே காலி, இல்ல முதல்லருந்தே இல்லையோ என்னவோ. கிடைச்சது அடுத்த வருஷம் ஜூன் 4, திங்கள்கிழமை. ஸ்கூல் லீவு நேரத்துல ஒரு ரிங்கிட்டுக்கு ரூம் கிடைச்சிருச்சேன்னு இவர் குதிச்ச குதியில கீழ் வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டாதது எங்க அதிர்ஷ்டம்.

புக் பண்ற பக்கம் இருக்கே, அது தனி விளையாட்டு. காலை சாப்பாடு, இன்சூரன்ஸ், பிக்கப், லேட் செக்-அவுட்னு எல்லாத்துலயும் அவங்களே டிக் போட்டு வச்சிருப்பாங்க, நாம ஒவ்வொண்ணா எடுக்கணும், ஒரு பக்கத்துல எடுத்துட்டு அடுத்த பக்கம் போனா அங்க இன்னும் ரெண்டு டிக் உக்காந்திருக்கும். மேல ஒரு கடிகாரம் வேற, பத்து நிமிஷத்துல முடிக்கலன்னா ரூம் போயிடும்னு ஓடிக்கிட்டு இருக்கும். எல்லாத்தையும் எடுத்தோம், கடைசிப் பக்கத்துல கார்டு ஃபீ எட்டு ரிங்கிட். அதை மட்டும் எடுக்க முடியல. ரூம் நாலு, கார்டு எட்டு. அத்தை அப்பவே சொன்னாங்க, "சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்". இவர் விடுவாரா, "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பாப்பாங்க?"ன்னு திருப்பிக் கேட்டார். அம்மாவும் பையனும் பழமொழியிலயே சண்டை போட்டுட்டுத் தூங்கப் போனாங்க.

பத்து மாசம் கழிச்சு அஞ்சு பேரும் பஸ் ஏறிப் போனோம். விடியக்காலையில கிளம்பினதால உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில கூட்டம் இல்ல, பதினொண்ணரைக்கெல்லாம் ஹோட்டல் வாசல்ல நிக்கிறோம். செக்-இன் ரெண்டு மணிக்கு. கவுன்டர்ல ஒரு பொண்ணு, ரொம்ப மரியாதையாத்தான் பேசினா, லேமினேட் பண்ணின ஒரு அட்டையை எடுத்து எங்க முன்னாடி வச்சா பாருங்க, நம்ம சாப்பாட்டுக்கடை மெனு மாதிரி. துண்டு ஒண்ணு நாலு ரிங்கிட். ஏர்கான் பன்னண்டு மணி நேரம் பன்னண்டு ரிங்கிட். வைஃபை ரெண்டு நாளைக்குப் பத்து. சீக்கிரம் ரூம் வேணும்னா ஒரு ரூமுக்குப் பத்து. சோப்பு, ஷாம்பு, ஹேர் டிரையர் எல்லாத்துக்கும் தனித்தனி விலை. அப்புறம் டூரிசம் டாக்ஸ், அது ஹோட்டலுக்கு இல்ல, அரசாங்கத்துக்கு, வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்குப் பத்து ரிங்கிட், மலேசியர்களுக்குக் கிடையாது. 2017 செப்டம்பர் 1ல ஆரம்பிச்சாங்க. நாங்க புக் பண்ணினது ஆகஸ்ட்ல. ரெண்டு ரூம் ரெண்டு ராத்திரி, நாப்பது ரிங்கிட், எடுத்து வைங்க. ரூமோட விலையை விட வரி பத்து மடங்கு, இப்படி ஒரு பில்லை அக்கவுண்ட்ஸ்ல பதினாலு வருஷம் வேலை பாத்த நானே பாத்ததில்ல.

துண்டுக்குத்தான் பெரிய பேச்சுவார்த்தை. இவர் "ரெண்டு போதும், மாத்தி மாத்தித் துடைச்சுக்கலாம்"ங்கிறார். அத்தை கவுன்டர் முன்னாடியே, அந்தப் பொண்ணுக்குத் தமிழ் தெரியாதுங்கிற தைரியத்துல, "உன் தலையைத் துடைச்ச துண்டுல நான் துடைக்கவா, அஞ்சு வாங்குடா"ன்னு ஒரே போடு. அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்பைப் பாத்தா அவளுக்குத் தமிழ் தெரியும்னு நினைக்கிறேன். அஞ்சு துண்டு, இருபது ரிங்கிட். பிளாஸ்டிக் கவர்ல சீல் பண்ணிக் கொடுத்தாங்க, நல்ல சுத்தமான துண்டு, குறை சொல்ல முடியாது, ஆனா நீளம் மட்டும் அளந்து வெட்டின மாதிரி, இடுப்புல கட்டினா முடிச்சுப் போட மூணு விரக்கடை பத்தாது.

இப்ப ஏர்கான் விஷயத்துக்கு வர்றேன். இதை நான் சொல்றப்பல்லாம் இவர் எழுந்து உள்ள போயிடுவார்.

ரூமுக்குப் பன்னண்டு மணி நேரம் வாங்கினோம், ராத்திரிக்குத் தாராளமாப் போதும்னு. அந்த மணி எப்படி ஓடும்னா, கதவுக்குப் பக்கத்துல கார்டு செருகுற ஒரு பெட்டி இருக்கும்ல, அதுல கார்டு இருக்கிற வரைக்கும் ஏர்கான் ஓடும், மீட்டரும் ஓடும். கார்டை எடுத்தா ரெண்டும் நிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனா நம்ம ஆளுங்களுக்கு ஒரு பழக்கம் உண்டே, எந்த ஹோட்டலுக்குப் போனாலும் அந்தப் பெட்டியில வேற ஏதாவது ஒரு கார்டைச் செருகிட்டு வெளிய போறது, திரும்பி வரும்போது ரூம் ஜில்லுன்னு இருக்கணும்ல. பன்னண்டு இருபதுக்கு ரூமுக்குள்ள போனோம், பசங்க கார்டைச் செருகினாங்க, மூட்டையை வச்சோம், வெளிய கிளம்பும்போது எங்க வீட்டுக்காரர் பர்ஸ்லருந்து பஸ்ல தட்டுற பழைய ஈஸி-லிங்க் கார்டு ரெண்டை எடுத்து ரெண்டு ரூமுலயும் செருகிட்டு, என்னைப் பாத்து ஒரு கண் சிமிட்டு. சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்பி வந்தா ரூம் ரெண்டும் சும்மா கேமரன் ஹைலண்ட்ஸ் மலை மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு, இவருக்கு அவ்வளவு பெருமை.

ராத்திரி பன்னண்டு இருபது. டொக்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

முதல்ல கரண்ட் போச்சோன்னு பாத்தேன், லைட் எரியுது, சீலிங் ஃபேன் சுத்துது. ஏர்கான் மட்டும் மூச்சை நிறுத்திருச்சு. ஜன்னல் திறக்காத ரூம். அஞ்சு நிமிஷத்துல கதவு தட்டுற சத்தம், அத்தை நிக்கிறாங்க, பஸ்ல படிக்க எடுத்துட்டு வந்த தமிழ் முரசை நாலா மடிச்சு விசிறிக்கிட்டு, "டேய், உன் பஸ் கார்டுக்குக் காசு தீந்துருச்சாம், போய் டாப்-அப் பண்ணிட்டு வா"ன்னாங்க. இவர் ஒரு வார்த்தை பேசாம லிஃப்ட்ல இறங்கிப் போய் ரெண்டு ரூமுக்கும் இன்னொரு பன்னண்டு மணி நேரம் வாங்கிட்டு வந்தார். அது பன்னண்டரைக்கு ஆரம்பிச்சது, காலையில எட்டு மணிக்கு நானே கார்டை உருவிட்டேன், மிச்சம் நாலரை மணி நேரம். மறுநாள் பூரா அத்தை அந்தக் கார்டைத் தன் கைப்பையில வச்சு ஜிப் போட்டுட்டாங்க. அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்குப் போட்டோம், ரெண்டரைக்கு நின்னுருக்கும், அதுக்குள்ள எல்லாரும் தூங்கிட்டோம், யாருக்கும் தெரியல. ஆக ஏர்கான் மட்டும் நாப்பத்தெட்டு ரிங்கிட்.

கூட்டிப் பாத்துக்குங்க: ரூம் 4, கார்டு ஃபீ 8, வரி 40, ஏர்கான் 48, துண்டு 20, வைஃபை 10, சீக்கிரம் உள்ள விட்டதுக்கு 20. நூத்தம்பது. கவுன்டருக்குப் பின்னாடி போர்டுல அன்னைக்கு நேரா வந்து எடுக்கிறவங்களுக்கு ரூம் எண்பத்தஞ்சுன்னு போட்டிருந்துச்சு, அப்படிப் பாத்தா நாலு ராத்திரிக்கு 340, வரியோட 380. அதுல பாதிக்கும் கம்மியாத்தான் கொடுத்திருக்கோம், அஞ்சு பேருக்கு ரெண்டு ராத்திரி நம்ம காசுல அம்பது வெள்ளி. அதனாலதான் நான் திட்ட மாட்டேங்கிறேன். படுக்கை நல்லா இருந்துச்சு, உண்மையிலேயே நல்லா இருந்துச்சு, தண்ணி வேகமா வந்துச்சு, மூட்டைப்பூச்சி கிடையாது. ரூம்தான் சின்னது, பெட்டியைத் திறக்கணும்னா ஒருத்தர் கட்டில் மேல ஏறி உக்காரணும்.

ஆனா விலையில வராத செலவு ஒண்ணு இருக்கு, அதைத்தான் யாரும் முதல்ல யோசிக்கிறதில்ல. திங்கள்கிழமை ரூம் ஏன் ஒரு ரிங்கிட்? மலாக்காவுக்கு நம்ம ஆளுங்க போறதே ஜோங்கர் ஸ்ட்ரீட் ராத்திரிச் சந்தைக்கு, அது வெள்ளி சனி ஞாயிறு மட்டும்தான். பசங்ககிட்ட அதைச் சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போயிருக்கேன், போய் நின்னா தெருவே காலி, ரெண்டு பூனை, ஒரு ட்ரைஷா அங்கிள் போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். அது நோன்பு மாசம் வேற, பகல்ல பாதிக் கடை திறக்கல. சின்னவன் முகத்தைத் தொங்கப் போட்டான் பாருங்க. அத்தைக்கு மட்டும் ஏக சந்தோஷம், பக்கத்துலயே பொய்யாத விநாயகர் கோயில், 1781ல மலாக்காச் செட்டிகள் கட்டினது, கூட்டமே இல்லாம நின்னு நிதானமாக் கும்பிட்டாங்க, கொஞ்சம் தள்ளி மசூதி, அதுக்குப் பக்கம் சீனக் கோயில்னு ஒரே தெருவுல எல்லாம் பாத்தோம். வெள்ளி சனியில போயிருந்தா அந்தத் தெருவுல அப்படி நடந்திருக்க முடியாதுதான். இருந்தாலும் சின்னவன் இன்னிக்கு வரைக்கும் மலாக்கான்னா "மூடின ஊரு"ம்பான்.

இன்னொண்ணு, "டவுனுக்கு அஞ்சு நிமிஷம்"னு போட்டிருந்தாங்க. அது கார்ல, அதுவும் ராத்திரி மூணு மணிக்கு. நாங்க அஞ்சு பேரு, சாதாரண கிராப் டாக்சியில நாலு பேர்தான் ஏறலாம், ஆறு சீட் வண்டி கூப்பிடணும், ஒவ்வொரு தடவையும் விலை கூட. அதை நான் கணக்குலயே சேக்கல, சேத்தா இவருக்கு பி.பி. ஏறும். அப்புறம் டுரியான் மங்குஸ்தான் உள்ள கொண்டு வரக்கூடாதுன்னு படம் போட்டு ஒட்டியிருந்தாங்க, டுரியான் சரி, நாத்தம், மங்குஸ்தான் என்ன பாவம் பண்ணுச்சுன்னு அத்தை கேட்டாங்க. அந்தத் தோலோட சாறு வெள்ளைத் துணியில பட்டா போகாது, அதான். வெளிய பெஞ்ச்ல உக்காந்து ரெண்டு கிலோவை முடிச்சிட்டு உள்ள வந்தோம்.

இந்த மாதிரி ரூமை மட்டும் குடுத்துட்டு மத்ததெல்லாம் தனித்தனியா விக்கிற முறையை நம்ம பக்கத்துல பிரபலமாக்கினது ட்யூன் ஹோட்டல்ஸ்னு சொல்லலாம், 2007ல கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, முதல் ஹோட்டல் திறந்தாங்க, மலிவு விமானம் டிக்கெட் விக்கிற அதே யோசனைதான், சீட்டு மட்டும் ஒரு விலை, பெட்டிக்கு ஒரு விலை, சாப்பாட்டுக்கு ஒரு விலை. அதைப் பாத்து நிறைய பேர் ஆரம்பிச்சாங்க. யோசிச்சா நியாயம்தான். ராத்திரி காலியாக் கிடந்த ரூமை மறுநாள் விக்க முடியாது, மீன் மாதிரி அது, அன்னிக்கே போகலன்னா குப்பை. திங்கள்கிழமை எப்படியும் காலியாக் கிடக்கப் போற நாலு ரூமை ஒரு ரிங்கிட்டுக்குக் கொடுத்தா, நம்மள மாதிரி ஆளுங்க துண்டும் ஏர்கானும் வாங்குவோம், ஊரெல்லாம் போய்ச் சொல்லுவோம், பேப்பர்ல விளம்பரம் போடுறதை விட மலிவு. இதோ நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன்ல.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்துச்சு, 2019ல. ஷாப்பிங் சென்டர் ஒண்ணுல ஃபாரம் எழுதிப் போட்டோம், ரெண்டு வாரம் கழிச்சு போன், "வாழ்த்துகள், பாத்தாம்ல மூணு நாள் ரெண்டு ராத்திரி இலவசம்". பாத்தாம்னா பெர்ரியில போற இந்தோனேசியத் தீவு. ஆபீசுக்கு வந்து வவுச்சர் வாங்கிக்கணும், கணவன் மனைவி ரெண்டு பேரும் வரணும், தொண்ணூறு நிமிஷம் ஒரு பிரசன்டேஷன் பாக்கணும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனோம். எங்களுக்குன்னு ஒரு தமிழ்ப் பையனை உக்கார வச்சாங்க, அண்ணே அக்கான்னு அவ்வளவு பாசம், பூர்வீகம் எந்த ஊருன்னு கேட்டான், நான் தஞ்சாவூர்ப் பக்கம்னேன், அவனுக்கும் தஞ்சாவூர்ப் பக்கமாம், நான் திருநெல்வேலின்னு சொல்லியிருந்தா அதுவும் அவன் ஊராத்தான் இருந்திருக்கும். கறி பஃப் வந்துச்சு, இவர் மூணு சாப்பிட்டார், அந்த மத்தியானத்துல எங்களுக்கு லாபம்னா அதுதான்.

"வருஷத்துக்கு ஹாலிடேக்கு எவ்வளவுக்கா செலவு பண்றீங்க?" மூவாயிரம் இருக்கும்னேன். அவன் பேப்பர்ல எழுதினான், மூவாயிரம் முப்பது வருஷத்துக்குத் தொண்ணூறாயிரம். "தொண்ணூறாயிரத்தைத் தூக்கிக் குப்பையில போடுறீங்கக்கா." அவங்க கிளப்புல சேர்ந்தா பதினெட்டாயிரம்தான், பாயின்ட் கணக்குல உலகம் பூரா தங்கலாம். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவுன்னு கேட்டேன், அதைக் கடைசியில சொல்றேன்னான். கேட்டுக்கிட்டே இருந்தேன், கடைசி வரைக்கும் சொல்லல. நாங்க வேணாம்னதும் மேனேஜர் வந்தார், விலை பன்னண்டாயிரத்துக்கு இறங்குச்சு, ஆனா இன்னிக்கு மட்டும்தானாம். பக்கத்து மேசையில யாரோ கையெழுத்துப் போட்டதும் எல்லாரும் கை தட்டுறாங்க. தொண்ணூறு நிமிஷம்னு சொன்னது நாலு மணி நேரம் ஆச்சு. நாங்க முடியாதுன்னு எழுந்ததும் அந்தத் தம்பி முகத்துல இருந்த அண்ணன் அக்காவெல்லாம் சுவிட்ச் போட்டா மாதிரி அணைஞ்சு போச்சு.

எங்க அக்கா வீட்டுக்காரர் வேற ஒரு இடத்துல இதே மாதிரி உக்காந்து கையெழுத்தே போட்டுட்டார். நல்ல வேளை, மறுநாளே அக்கா அழுதுக்கிட்டு எனக்கு போன் பண்ணினா. சிங்கப்பூர்ல இந்த மாதிரி ஹாலிடே கிளப், அதாவது டைம்ஷேர், ஒப்பந்தத்துக்கெல்லாம் அஞ்சு நாள் அவகாசம் இருக்கு, சனி ஞாயிறு பொது விடுமுறை சேக்காம அஞ்சு நாள், அதுக்குள்ள எழுதிக் கொடுத்து ரத்து பண்ணிடலாம், காரணமே சொல்ல வேண்டாம். எழுதிக் கொடுக்கணும், வாயால சொன்னா போதாது. மூணாவது நாள் லெட்டரை நேர்ல கொண்டு போய்க் கொடுத்து காப்பியில முத்திரை வாங்கினார், பணம் திரும்பி வந்துச்சு. வராம இழுத்தடிச்சா பயனீட்டாளர் சங்கம் இருக்கு, கேஸ்னு சொல்லுவாங்களே அது, அதுக்கு மேல ஸ்மால் க்ளைம்ஸ் தீர்ப்பாயம், இருபதாயிரம் வெள்ளி வரைக்கும் லாயர் இல்லாம நாமளே போகலாம்.

எங்க வவுச்சர் கதைக்கு வந்தா, நாலு மணி நேரம் உக்காந்து வாங்கினதை விடக்கூடாதுன்னு இவருக்குப் பிடிவாதம். ஹேண்ட்லிங் ஃபீ நாப்பது வெள்ளி. நாப்பத்தஞ்சு நாள் முன்னாடி மூணு தேதி எழுதி அனுப்பணும், அவங்க ஒண்ணைத் தருவாங்க, வெள்ளி சனி கிடையாது, பொது விடுமுறைக்கு முதல் நாள் கிடையாது, ஸ்கூல் லீவு பூராவும் கிடையாது. காலை சாப்பாடு சேராது. பெர்ரி நம்ம செலவு, ரெண்டு பேருக்கு நூறு வெள்ளிக்கு மேல போச்சு. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டுப் போனோம். ரூம் பெருசுதான், ஈர வாசனை, திரையைத் திறந்தா கடல் தெரியும்னு வவுச்சர்ல படம் இருந்துச்சு, எங்களுக்குத் தெரிஞ்சது ஜெனரேட்டர். ஒரு நல்ல விஷயம் சொல்லணும்னா பாத்தாம்ல நம்மளை விட ஒரு மணி நேரம் பின்னாடி, அந்த ஒரு மணி நேரம் நிஜமாவே இலவசம். திரும்பி வந்து ஹார்பர்ஃப்ரண்ட்ல இறங்கினா ஒரு ஏஜென்சி வாசல்ல போஸ்டர், அதே ஹோட்டல், அதே மூணு நாள், பெர்ரியோட, காலை சாப்பாட்டோட தலைக்குத் தொண்ணூத்தொம்பது வெள்ளி. இவர் அந்தப் போஸ்டரைப் பாக்காத மாதிரி நடந்தார், நானும் பாக்காத மாதிரியே கூட நடந்தேன், வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அதைப் பத்திப் பேசல.

அதனால என் ரேட்டிங் கேட்டா, ஒரு ரிங்கிட் ரூமுக்கு அஞ்சுக்கு நாலு, இலவச வவுச்சருக்கு அரை. அந்த அரையும் கறி பஃபுக்கு. விலைப்பட்டியலை மூஞ்சிக்கு நேரா நீட்டுறவன்கிட்ட ஏமாந்தா அது என் தப்பு, ‘இலவசம்’னு கூப்பிட்டு நாலு மணி நேரம் உக்கார வைக்கிறவன்கிட்ட ஏமாந்தா அது அவன் தொழில்.

கோவிட் நேரத்துல உள்ளூர்ச் சுற்றுலாவுக்குன்னு அரசாங்கம் கொடுத்த அந்த நூறு வெள்ளி வவுச்சரை மறந்திருக்க மாட்டீங்க, சிங்கப்போரீடிஸ்கவர்ஸ். 2020 டிசம்பர்ல பதினெட்டு வயசு தாண்டின குடிமக்கள் எல்லாருக்கும், பத்து பத்து வெள்ளியா, சிங்பாஸ்ங்கிற அரசாங்க ஆன்லைன் கணக்குல. மொத்தம் 320 மில்லியன் வெள்ளித் திட்டம். நான் பாத்த ஏறக்குறைய ஓசி ஹோட்டல்லயே ஒளிவு மறைவு இல்லாதது அதுதான், பிரசன்டேஷன் கிடையாது, துண்டுக்குக் காசு கிடையாது. இவரோட நூறை ஜூரோங் பறவைப் பூங்காவுக்குப் போட்டோம், இப்ப அந்த இடமே இல்ல, மூடிட்டாங்க, அதனால போனது நல்லதாப் போச்சு. என் நூறை செந்தோசாவுல ஒரு ராத்திரிக்கு. அங்கயும் நம்ம ஊர் ப்ளஸ் ப்ளஸ் இருக்குல்ல, ரூம் 138 ப்ளஸ் ப்ளஸ்னா பத்து சதவீதம் சர்வீஸ், அதுக்கு மேல அப்ப ஏழு சதவீதம் ஜிஎஸ்டி, 162 சொச்சம், நூறு போக 62 கையிலருந்து. இப்ப ஜிஎஸ்டி ஒன்பது, அதனால 200 ப்ளஸ் ப்ளஸ்னு பாத்தா மனசுக்குள்ள 240ன்னு படிச்சுக்குங்க. நீச்சல் குளத்துக்கு ஒரு மணி நேரம் ஸ்லாட் புக் பண்ணணும், எங்களுக்குக் கிடைச்சது காலையில ஏழு மணி. பசங்க நடுங்கிக்கிட்டே குளிச்சாங்க. எங்க வீடு இருக்கிற ஈசூன்லருந்து ஒரு மணி நேரத்துல போற இடத்துல 62 வெள்ளி கொடுத்துப் படுத்துட்டு வந்தோம்னு இவர் ஒரு மாசம் சொல்லிக்கிட்டு இருந்தார், ஆனா அந்த நேரத்துல வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளிய இருந்ததே எனக்குப் பெருசு.

இப்பல்லாம் ஆப்லதான் எல்லாம். ஒன்பது ஒன்பது, பதினொண்ணு பதினொண்ணுன்னு தேதிக்குத் தேதி சேல், புது ஆளுக்கு கூப்பன், காயின், நண்பரைச் சேத்தா பத்து வெள்ளி. போன வருஷம் எங்க ஆபீஸ் தம்பி ஒருத்தர், மன்னார்குடிக்காரர், எஸ் பாஸ்ங்கிற வேலை அனுமதியில இருக்கார், ஜேபில, அதான் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூர் பாருல, ஒரு வெள்ளிக்கு ரூம் பிடிச்சிட்டார். அவர் இந்தியப் பாஸ்போர்ட், இப்ப மலேசியாவுக்கு விசா வேண்டாம், ஆனா அந்த டிஜிட்டல் அரைவல் கார்டைப் போறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும், நம்ம சிவப்பு சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்காரங்களுக்கு அது வேண்டாம். அதெல்லாம் ஒழுங்காப் பண்ணி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலத்துல ரெண்டரை மணி நேரம் நின்னு, ஹோட்டலுக்குப் போனா உங்க பேர்ல புக்கிங்கே இல்லன்னுட்டாங்க. ஆப்ல பச்சையா ‘உறுதி’ன்னு காட்டுது, ஹோட்டல் கம்ப்யூட்டர்ல இல்ல. ஒரு மணி நேரம் சாட்ல டைப் பண்ணிப் பண்ணி, கடைசியில மன்னிப்பும் ஒரு வெள்ளியும் திருப்பிக் கொடுத்தாங்க. பாவம், ராத்திரி பதினொரு மணிக்கு அதே ஹோட்டல்ல முழு விலை கொடுத்துத் தங்கினார், கூட்டாளிங்க மூணு பேரும் கூட வந்திருந்ததால திரும்பிப் போக மானம் இடம் கொடுக்கல.

அதுலருந்து நான் என்ன பண்றேன்னா, இந்த மாதிரி புக்கிங் கிடைச்சா போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நேரா ஹோட்டலுக்கே போன் போட்டு, என் பேர் உங்க லிஸ்ட்ல இருக்கான்னு கேட்டு, எடுத்தவங்க பேரையும் எழுதி வச்சுக்குவேன். டெபாசிட் எவ்வளவு, கேஷா கார்டான்னும் அப்பவே கேட்டுடுவேன், ஜேபில பல இடத்துல அம்பது நூறு ரிங்கிட் கேப்பாங்க, திரும்பத் தருவாங்க, ஆனா காலையில அஞ்சு மணிக்குக் கிளம்புறவங்க கவுன்டர்ல ஆள் இருக்கான்னு பாத்துக்கணும். அப்புறம் நடு ராத்திரியில எதுலயும் பே பட்டனை அழுத்த மாட்டேன். கடைசிப் பக்கம் வரைக்கும் போய் மொத்தத் தொகையைப் பாத்து, டூரிசம் டாக்ஸ் பத்து ரிங்கிட்டைச் சேத்துக்குவேன். கோவிட்ல நிறுத்தி வச்சிருந்தாங்க, 2023 ஜனவரிலருந்து திரும்ப வாங்குறாங்க. சர்வீஸ் டாக்ஸும் 2024 மார்ச்லருந்து எட்டு சதவீதம். அது எல்லாத்தையும் சேத்து, பக்கத்துல இருக்கிற சாதாரண ஹோட்டலோட சாதாரண விலையை விடப் பாதிக்கு மேல கம்மியா இருந்தாதான் எடுப்பேன், கொஞ்சம்தான் கம்மின்னா சாதாரண ஹோட்டலுக்கே போயிடலாம், அங்க துண்டு சும்மா கொடுப்பாங்க.

வேலைக்குப் போறவங்க, ஸ்கூல் பிள்ளைங்க வச்சிருக்கிறவங்க லீவு நாளையும் கணக்குல போட்டுக்குங்க, செவ்வாய்க்கிழமை ஒரு நாள் லீவுக்கு என்ன விலைன்னு அவங்கவங்களுக்குத்தான் தெரியும். ரிட்டயர் ஆனவங்களுக்கு இது ராஜயோகம். அத்தையோட கோயில் கூட்டாளிங்க நாலு பேர் இப்படியே கேஎல், ஈப்போன்னு சுத்திட்டு வந்துட்டாங்க, கிழமை எதுவா இருந்தா அவங்களுக்கு என்ன.

அடுத்த மாசம் பினாங்கு. ஒரு ராத்திரி அஞ்சு ரிங்கிட், ரெண்டு ரூம், புதன் வியாழன், சின்னவனுக்கு இப்ப பதினாலு வயசு, ‘மூடின ஊரா’ன்னு முதல் கேள்வி அதுதான். டூரிசம் டாக்ஸ் தவிர பினாங்குல லோக்கல் ஃபீன்னு ரூமுக்குத் தனியா வேற வாங்குவாங்க, அதையும் எழுதி வச்சாச்சு. ஹோட்டலுக்கு போன் போட்டேன், எங்க பேர் லிஸ்ட்ல இருக்காம். ஏர்கான் எப்படின்னு கேட்டேன், அது ரூம் விலையிலயே சேர்ந்ததுதான்னு சொன்னாங்க. சொன்னதும் அத்தை இவர்கிட்ட கையை நீட்டி, "அந்தப் பழைய பஸ் கார்டு ரெண்டையும் இப்படிக் கொடு"ன்னு வாங்கிட்டாங்க. துண்டு அஞ்சும் பெட்டியில அடியில வச்சாச்சு.